ஃபண்டி தெரியும், விழிஞ்ஞம் தெரியாது

2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். பக்கத்தில் எங்கும் புயல் இல்லை. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தது. அந்த நாட்களின் எச்சரிக்கையிலும் செய்திகளிலும் திரும்பத் திரும்ப வந்த சொல் ‘கள்ளக்கடல்’. அந்த ஐவரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. உயிரியலும் இயற்பியலும் ஆழப் படித்து, கடுமையான நுழைவுத்தேர்வு எழுதி மருத்துவத்துக்குப் போன பிள்ளைகள் அவர்கள். நம் பள்ளிப் படிப்பின் 12 ஆண்டுகளில் அந்தச் சொல்லைக் கேட்க நேரும் வகுப்பு ஒன்றை நான் பார்த்ததில்லை.

கள்ளக்கடல் திருவனந்தபுரம் கரையின் சொல். சொல்லாமல் கொள்ளாமல் திருடனைப் போல ஏறி வந்து குடிசையையும் வள்ளத்தையும் கொண்டுபோகும் கடலுக்கு மீனவர்கள் வைத்த பெயர். 2005 மே மாதம் கேரளக் கரையில் அப்படி ஏறிய கடலை ஆக்குளத்தில் இருக்கும் புவி அறிவியல் மையத்தின் ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். தென் இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயற்காற்று எழுப்பிய நெடிய அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே கரையேறுகின்றன என்று விளக்கினார்கள். மீனவர்களின் சொல்லையே அறிவியல் கட்டுரைகளிலும் கையாண்டார்கள். 2012இல் யுனெஸ்கோ அதை அறிவியல் கலைச்சொல்லாக ஏற்றது. 2020இல் இன்காய்ஸ் இதற்கென்றே முன்னறிவிப்பு முறையைத் தொடங்கியது. பூந்துறை போன்ற மீனவ ஊர்களின் குடிசைகளில் பிறந்த சொல் உலக அறிவியலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பூந்துறைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் பாடப்புத்தகத்துக்கு மட்டும் அது வந்து நான் பார்க்கவில்லை.

திருவனந்தபுரம் போன்ற ஊரில் 14 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கடல் அறிவியலின் தொடக்கப் பாடத்தை எப்படிக் கற்பிக்க வேண்டும்? இன்று இருப்பது போதுமா? உலகம் முன்வைக்கும் மாதிரிகள் இங்கே செல்லுமா? ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்க்கிறேன்.

கேரள மேல்நிலைப் பள்ளிகளில் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களே பெரும்பாலும் பாடம். 11ஆம் வகுப்பு இயற்கைப் புவியியல் புத்தகத்தில் கடலுக்கு இரண்டு அதிகாரங்கள் உண்டு. ஒன்று கடல்தளத்தின் அமைப்பு, வெப்பநிலை, உப்புத்தன்மை பற்றியது. மற்றொன்று அலை, ஓதம், நீரோட்டம் பற்றியது. அளவில் சிறியவை என்றாலும் தெளிவாக எழுதப்பட்டவை. அரபிக்கடலில் உப்பு ஏன் அதிகம், வங்கக்கடலில் ஏன் குறைவு என்பதைச் சில வரிகளில் நன்றாகவே சொல்கின்றன. அந்த நல்ல எழுத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் அந்தப் புத்தகம் யார் கைக்குப் போகிறது? மேல்நிலையில் புவியியல் பெரும்பாலும் கலைப் பிரிவு மாணவருக்குரியது. இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்த மாணவர் நீரோட்டத்தைப் பாடமாகச் சந்திப்பதே இல்லை. அலை அவருக்கு இயற்பியலில் வருகிறது, கயிற்றிலும் ஒலியிலும் ஓடும் அலையாக. கரைசலின் அடர்த்தி வேதியியலில் வருகிறது, குடுவைக்குள். உயிரியலில் ‘விலங்குலகம்’ அதிகாரத்தில் பைசாலியா, புளூரோபிராக்கியா என்று கடலுயிர்களின் பெயர்களை அவர் நீட் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார். மீனுக்குப் பதில் கடல்சொறியாக வலையில் ஏறி, கை அரிப்போடு வள்ளம் கரைக்குத் திரும்பும் நாட்கள் திருவனந்தபுரத்தின் மீன்பிடித் துறையான விழிஞ்ஞத்தில் உண்டு. அந்தச் சொறியும் மாணவர் படித்த பைசாலியாவும் ஒரே தொகுதி உயிர்கள் என்பதைச் சொல்ல அங்கே ஆளில்லை. கடல் ஒன்றுதான். பாடத்திட்டம் அதை நான்காக அறுத்து நான்கு ஆசிரியர்களிடம் கொடுத்துவிட்டது, கூட்டிச் சேர்க்கும் பொறுப்பை யாரிடமும் கொடுக்கவில்லை. இன்றைய முறையின் முதல் குற்றம் இது.

இரண்டாவது, இடம் தப்பிய உதாரணங்கள். உலகிலேயே உயரமான ஓதம் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் எழுகிறது, 15, 16 மீட்டர் என்று மாணவர் படிக்கிறார். தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான். விழிஞ்ஞத்தில் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும் என்பதை அவர் படிப்பதில்லை. படித்தால் உடனே ஒரு கேள்வி வரும்: ஓதம் இவ்வளவு சிறிதென்றால் திருவனந்தபுரத்தின் சங்குமுகம் கடற்கரைச் சாலையைப் பெயர்த்தெடுத்தது எது? ஓதத்திலிருந்து அலைக்கும், அலையிலிருந்து மணல் நகர்வுக்கும் பாடம் தானாக நகர்ந்திருக்கும். மழைக்காலத்தில் இந்தக் கடற்கரை மெலிகிறது, மழை ஓய்ந்தபின் மணல் திரும்பி வருகிறது. அப்படித் திரும்பி வருவது சில ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே போகிறது. பக்கத்திலேயே, 1956இல் கட்டிய வலியதுறைக் கடற்பாலம் 2024 மார்ச்சில் இரண்டாகப் பிளந்தது. 1980களில் ஆய்வாளர்கள் அலையளவு எடுத்த அதே கரை அது. உடைந்து நிற்கும் அந்தப் பாலத்தைப் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம்.

மூன்றாவது குற்றம் இன்னும் ஆழமானது, சொல்லவே வருத்தமாக இருக்கிறது. கேரளத்தில் கடலைப் பள்ளிப் படிப்பில் சேர்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. வலியதுறையில் அரசு மீன்வளத் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. 1983-84இல் தொடங்கிய தொழிற்கல்வி மேல்நிலைப் பிரிவுகளில் கடல் மீன்பிடிப்பும் பதப்படுத்தலும், கடல் எஞ்சின் பராமரிப்பும் பாடங்களாக இருந்திருக்கின்றன. கடற்கரைப் பிள்ளைகளுக்காக நல்லெண்ணத்தில் தொடங்கியவை இவை, பலருக்குப் பிழைப்பும் கொடுத்தவை. ஆனால் விளைவைப் பாருங்கள். கரையிலிருக்கும் பிள்ளைக்குக் கடல் ஒரு தொழில், நகரத்துப் பிள்ளைக்கு மாலை நேரத்துக் காட்சி. இருவரில் எவருக்கும் அது அறிவியலாகக் கிடைக்கவில்லை. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். காந்த நடுக்கோடு அவ்வழியே போவதால் அந்த மீனவ கிராமத்தைத் தேர்ந்தார்கள் என்பதும் தெரியும். அதே தும்பாவின் எதிரே, கரையிலிருந்து சில கிலோமீட்டரில் கடலடி எப்படியிருக்கிறது என்று கேட்டால் பதில் வராது.

இனி வெளியிலிருந்து வரும் மாதிரிகள்.

அமெரிக்காவில் 1996இல் வந்த தேசிய அறிவியல் கல்வித் தரநிலைகளில் கடலுக்கு அநேகமாக இடமே இல்லாததைக் கண்டு, விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் சேர்ந்து ‘கடல் எழுத்தறிவு’ என்ற சட்டகத்தை உருவாக்கினார்கள். அதில் ஏழு கோட்பாடுகள். பூமியில் இருப்பது ஒரே பெருங்கடல், வானிலையைக் கடல் ஆள்கிறது, கடலும் மனிதரும் பிரிக்க முடியாதபடி பிணைந்தவர்கள் என்று போய், ஏழாவதாகக் கடல் பெரும்பாலும் ஆராயப்படாதது என்பதில் முடியும். யுனெஸ்கோ 2017இல் இதற்கொரு கையேடு வெளியிட்டது. 2021 முதல் 2030 வரையான கடல் அறிவியல் பத்தாண்டுத் திட்டத்திலும் இதுதான் கல்விக்கு அடிப்படை.

இந்தச் சட்டகத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. நான்காக அறுபட்ட கடலை அது ஒட்டவைக்கிறது. ‘ஒரே பெருங்கடல்’ என்ற முதல் கோட்பாட்டுக்குக் கள்ளக்கடலைவிடச் சிறந்த சான்று உலகில் எங்கே கிடைக்கும்? அதை 11ஆம் வகுப்புக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஆழ்கடலில் நெடிய அலைக்கூட்டம் நகரும் வேகம், இரண்டு முகடுகளுக்கு இடைப்பட்ட நேரத்தை 0.78ஆல் பெருக்கினால் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். முகடுக்கு முகடு 18 விநாடி என்றால் விநாடிக்கு 14 மீட்டர், நாளுக்கு 1,200 கிலோமீட்டர். தெற்கு அட்சரேகை 40 பாகையில் புயல் வீசினால் அங்கிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 5,400 கிலோமீட்டர். அலை வந்து சேர நாலரை நாள். எச்சரிக்கை கொடுக்க நாலரை நாள் அவகாசம் இருக்கிறது என்பதையும் அந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. சாதாரண நாளில், பாதுகாப்பான உயரத்தில் நின்று, பத்து அலைகள் கரையில் உடையும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் அளந்து பத்தால் வகுத்தாலே போதும், கடல் எங்கிருந்து வருகிறது என்பதன் முதல் துப்பு கிடைத்துவிடும். இந்தச் சோதனைக்கு ஆய்வகமும் வேண்டாம், காசும் வேண்டாம்.

ஏழாவது கோட்பாட்டில்தான் எனக்கு வழக்கு. உலகக் கடல்தளத்தில் இன்றைய கருவிகளால் சரியாக அளக்கப்பட்டது கால் பங்குதான். அந்த அளவில் அது உண்மை. ஆனால் அதைக் கடற்கரைப் பிள்ளையின் முன் கரும்பலகையில் அப்படியே எழுதிப்போட்டால், உன் அப்பனுக்கும் பாட்டனுக்கும் தெரிந்தது அறிவே இல்லை என்று சொன்னதாக ஆகும். திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் ‘பார்’ என்கிறார்கள். ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு, ஆழக் கணக்கு உண்டு, எந்த மீன் எந்த மாதம் அங்கே அணையும் என்ற அனுபவம் உண்டு. கரையிலுள்ள கோயில் கோபுரம், தேவாலயம், மலைமுகடு இவற்றில் இரண்டை ஒரு நேர்க்கோட்டில் வைத்து, வேறு இரண்டை இன்னொரு கோட்டில் வைத்து, இரண்டு கோடும் வெட்டும் புள்ளியில் வள்ளத்தை நிறுத்துவார்கள். இதைக் கணியம் என்பார்கள், மலையாளத்தில் கணிச்சம். வடிவியல் வகுப்பில் இரண்டு நேர்க்கோடுகள் வெட்டும் புள்ளி என்று படிப்பது இதைத்தான். ஜி.பி.எஸ். வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே இதை வைத்துக் கடலில் ஓர் இடத்தைத் தவறாமல் கண்டுபிடித்தார்கள்.

இந்த அறிவைத் தொகுக்க ஆட்கள் இல்லாமல் இல்லை. மீனவ சமூகத்தில் பிறந்த ராபர்ட் பனிப்பிள்ளை, பிரண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப் என்ற அமைப்பின் வழியாகத் திருவனந்தபுரத்துப் பார்களைப் படம்பிடித்துப் பதிவு செய்திருக்கிறார், மீனவர்களின் கடலறிவை மலையாளத்தில் நூலாகவும் எழுதியிருக்கிறார். எல்லைக்குத் தமிழகப் பக்கம், விலங்கியல் பேராசிரியராகப் பணியாற்றிய வறீதையா கான்ஸ்தந்தின் நெய்தல் வாழ்வைத் தமிழில் தொடர்ந்து எழுதிவருகிறார். 1956 நவம்பர் 1 வரை ஒரே ஆட்சியின் கீழ் இருந்த கரை இது. கேரளத்துப் பூவாரில் பேசும் கடல் பேச்சு தமிழகத்துத் தூத்தூரிலும் புரியும். இரண்டு மொழிகளில் நல்ல மூலநூல்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஆசிரியர் கையில் ஆங்கிலக் கையேடு மட்டும் இருப்பது பெரிய இழப்பு.

அதற்காக மீனவரின் அறிவே போதும், புத்தகம் வேண்டாம் என்ற எதிர்த் திசைக்கும் நான் போகமாட்டேன். அந்தப் பேச்சு கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் அது ஆபத்தானது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் அதைக் காட்டிவிட்டது. அரபிக்கடலின் இந்த மூலையில் கடும் புயல் அரிது. கடலில் நாற்பது ஆண்டு கண்டவருக்கும் முன்னனுபவம் இல்லை. வானத்தையும் காற்றையும் நீவாட்டையும் (நீரோட்டத்தையும்) பார்த்துக் கணித்த கணக்கு அந்த இரவில் உதவவில்லை. பூந்துறை, விழிஞ்ஞம், சின்னத்துறை, வள்ளவிளை என்று கரை முழுக்கப் பல வீடுகளில் சாவு விழுந்தது. காற்றழுத்தத் தாழ்வு ஒரே நாளில் எப்படிப் புயலாக வலுப்பெறும், கடலின் மேற்பரப்பு வெப்பம் அதற்கு எப்படித் தீனி போடும் என்பதை அனுபவத்திலிருந்து பெற முடியாது. எங்கே, எப்போது என்பதில் மீனவர் நிபுணர். ஏன் என்பதற்கும், இதுவரை வராதது வருமா என்பதற்கும் அறிவியல்தான் பதில் சொல்ல வேண்டும். எச்சரிக்கை காலம் தாழ்ந்து வந்ததும், வந்தது பலருக்கு எட்டாமல் போனதும் வேறு குற்றம், அதை இங்கே கலக்கவில்லை.

இரண்டையும் ஒரே வகுப்பறைக்குள் வைக்க முடியுமா? முடியும். அதற்கு ஒரு கிலோ சாளை போதும்.

சாளை என்பது இந்தக் கரையின் பேச்சு, வடகேரளத்தில் மத்தி. சந்தையிலிருந்து ஒரு கிலோ வாங்கி வந்து, பழைய செய்தித்தாள் விரித்து, வகுப்பில் நான்கு பேருக்குச் சில மீன் வீதம் கொடுக்க வேண்டும். அடிக்கோலை வைத்து வாய் நுனியிலிருந்து வால் நுனிவரை அளக்கச் சொல்ல வேண்டும். வழுக்கும், செதில் கையில் ஒட்டும், வாலை நேராக்கிப் பிடித்தால்தான் அளவு சரியாக வரும். இரண்டு குழுக்கள் ஒரே மீனை அளந்தாலும் ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசப்படும், அளவீட்டுப் பிழை என்றால் என்ன என்பது அங்கேயே புரியும். எல்லா அளவையும் கரும்பலகையில் போட்டுப் பட்டை வரைபடம் வரைந்தபின் ஆசிரியர் இரண்டு எண்களைச் சொல்லலாம். கேரளச் சட்டப்படி 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாது. ஆனால் சாளை முதன்முறை சினைக்கு வருவது ஏறத்தாழ 15 சென்டிமீட்டரில். அப்படியானால் சட்டம் ஏன் 10இல் நிற்கிறது? ஒருமுறைகூட முட்டையிடாத மீனைப் பிடிக்க அது வழிவிடுகிறதே? வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளை இருந்தால் வலைக்கண்ணின் அளவைப் பற்றியும், ஒரு நாள் மீன்பாடு இல்லாவிட்டால் வீட்டில் என்ன ஆகும் என்பதைப் பற்றியும் அவர் பேசட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர்தான் ஆசிரியர்.

பிறகு மூன்றாவது எண். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் (சி.எம்.எஃப்.ஆர்.ஐ.) கணக்குப்படி கேரளத்தில் 2012இல் சாளை கிட்டத்தட்ட 4 லட்சம் டன் கிடைத்தது. 2021இல் 3,297 டன். இந்தச் சரிவுக்கு அளவுக்கு மிஞ்சிப் பிடித்தது மட்டும் காரணமா, கடல் வெப்பமானதா, எல் நினோவா? இங்கே மேலெழும் நீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் காற்றின் போக்கும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்நீரைக் கரையிலிருந்து விலக்குகின்றன, அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் ஏறுகிறது, மிதவை உயிர்கள் பெருகுகின்றன, சாளையும் நெத்திலியும் கணவாயும் கரைக்கு அணைகின்றன. ஜூன் தொடங்கி விழிஞ்ஞம் துறையில் பக்கத்து ஊர் வள்ளங்கள் எல்லாம் வந்து குவியும் காட்சிக்கு வேர் இதுதான். அதே பருவத்தில்தான் கடலோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. 2025 மே 25 அன்று எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் ஆலப்புழைக்கு எதிரே மூழ்கியபின், அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கரையில் ஒதுங்கின, கன்னியாகுமரிக்கும் போயின. நீரோட்டத்தின் திசையை அன்று மணலிலேயே பார்க்க முடிந்தது. பிள்ளைகள் குருணை பொறுக்கி நாள்வாரியாக எண்ணியிருந்தால் அது முறையான கடல் ஆய்வாகவே இருந்திருக்கும்.

அடுத்தது தனிப்பாடக் கேள்வி. கேம்பிரிட்ஜ் வாரியம் ஏ லெவலில் கடல் அறிவியலைத் தனிப்பாடமாகவே வைத்திருக்கிறது. நாமும் வைக்கலாமே என்று கேட்பவர்கள் ஒரு வலுவான நியாயம் சொல்கிறார்கள்: தேர்வில் வராததை நம் பள்ளிகள் நடத்துவதில்லை. இது மறுக்க முடியாத உண்மை. 12ஆம் வகுப்பு உயிரியலில் ‘சுற்றுச்சூழல் பிரச்சினைகள்’ அதிகாரமே பாடச்சுமைக் குறைப்பில் நீக்கப்பட்ட காலத்தில், விருப்பத்துக்கு விடப்படும் எதுவும் முதலில் காணாமல் போகும்.

ஆனாலும் தனிப்பாடம் வேண்டாம் என்பதே என் முடிவு. தனிப்பாடம் என்றால் அதைச் சில பள்ளிகள் எடுக்கும், அந்தப் பள்ளிகளிலும் சில மாணவர்கள் எடுப்பார்கள். நகரத்தில் வசதியான பள்ளிகளின் அலங்காரமாகவோ, கரையில் தொழிற்கல்வியின் மறுபெயராகவோ அது முடியும். நான் சொன்ன மூன்றாவது குற்றம், அந்தப் பிளவு, அதனால் கூடும். லெமூர் கடற்கரைக்கு வந்த மாணவர்களைப் போன்றவர்கள் அந்தப் பாடத்தை எடுத்திருக்கவே மாட்டார்கள். கடல் தெரிய வேண்டியது கடலைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் அன்று.

வேண்டியது வேறு. 9ஆம் வகுப்பில், எல்லாப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் கடைசி ஆண்டுகளில், அறிவியலும் சமூக அறிவியலும் கணிதமும் சேர்ந்து நடத்தும் ஒரு பருவத்துக் கடல் அலகு வேண்டும். கள்ளக்கடலில் தொடங்கி, சாளையில் வளர்ந்து, வலியதுறை மணலில் அளந்து முடிகிற அலகு. ஏழு கோட்பாடுகளும் ஆசிரியர் தன் வேலையைச் சரிபார்த்துக்கொள்ளும் பட்டியலாக இருக்கட்டும், பாடமாக வேண்டாம். ஏழாவதை ‘கடலைக் கரைக்காரர்கள் நெடுங்காலம் அறிந்திருக்கிறார்கள், இன்னும் அறியாதது ஏராளம்’ என்று திருத்தி எழுத வேண்டும். கணியம் தெரிந்த மூத்த மீனவர்களை மதிப்பூதியம் கொடுத்து வகுப்புக்கு அழைக்க வேண்டும். கடற்கரையில் எடுத்த அளவுகளுக்கு மதிப்பெண் உண்டு என்று எழுத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் தேர்வைப் பற்றிய அந்த நியாயத்துக்கு நேர்மையாகப் பதில் சொன்னதாகும். கன்னியாகுமரிக்கும் தூத்துக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் இதே அலகைத் தமிழில், அந்தந்தக் கரையின் சொற்களோடு எழுத முடியும்.

இதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. ஆக்குளத்தில் புவி அறிவியல் மையம் இருக்கிறது. காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல், மீன்வளத் துறை இருக்கிறது. விழிஞ்ஞத்தில் சி.எம்.எஃப்.ஆர்.ஐ. ஆய்வு மையமும் மீன் காட்சியகமும் இருக்கின்றன. ஒரே நகரத்தில் இத்தனையும் வாய்த்த ஊர்கள் இந்தியாவில் குறைவு. பள்ளிக் கல்வித் துறை இந்த மூன்று இடங்களோடும் எழுத்துப்பூர்வமாக ஓர் ஏற்பாடு செய்துகொண்டு, அடுத்த ஜூனில் பத்துப் பள்ளிகளில் தொடங்கட்டும். ஐந்து கரைப் பள்ளிகள், ஐந்து நகரப் பள்ளிகள், இரண்டிரண்டாகச் சேர்த்து.

ஆசிரியர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். கிழக்கேகோட்டையிலிருந்து விழிஞ்ஞத்துக்கு நாள் முழுக்கப் பேருந்து ஓடுகிறது.